உயிர்நீத்த சி.ஆர்.பி.எஃப். காவலர்களின் வரலாற்றைப் புத்தகமாக்க நன்கொடை தாருங்கள்

அன்புடையீர், வணக்கம்.

மத்திய ரிசர்வ் போலீஸ் படை எனும் சி.ஆர்.பி.எஃப்.-இலிருந்து ஓய்வு பெற்றவர்களும், அந்தப் படையில் பணியின்போது உயிர்நீத்தவர்களின் குடும்பத்தாரும் சேர்ந்து நடத்தும் குழு எங்களுடையது. படையின் வரலாற்றையும், அதில் உயிரைக் கொடுத்த தமிழ்நாட்டுக் காவலர்களின் வாழ்க்கையையும் தமிழில் புத்தகமாகக் கொண்டுவர வேலை தொடங்கியிருக்கிறோம். அதற்காகத்தான் உங்களிடம் கை நீட்டுகிறோம்.

சி.ஆர்.பி.எஃப். என்றதும் பலருக்கு நினைவு வருவது தேர்தல் நாளில் வாக்குச்சாவடி வாசலில் துப்பாக்கியோடு நிற்கும் ஆள்தான். சொந்த ஊரிலேயே எங்களைப் பட்டாளம் என்றுதான் சொல்வார்கள். 1939 ஜூலை 27 அன்று, இன்றைய மத்தியப் பிரதேசத்தின் நீமச்சில் வெள்ளையர் அரசு தொடங்கிய படை இது. சுதந்திரத்துக்குப் பிறகு சர்தார் படேல் அதைக் கலைக்கவிடாமல் புதிய நாட்டுக்கான படையாக்கினார். 1949 டிசம்பர் 28 அன்று சட்டத்தின் மூலம் இன்றைய பெயர் வந்தது.

அன்று எல்லையில் நின்றதும் போலீஸ்தான். 1959 அக்டோபரில் லடாக்கின் ஹாட் ஸ்பிரிங்ஸ் பகுதியில் ரோந்து போன ஒரு குழு திரும்பி வரவில்லை. அவர்களைத் தேடி 21-ஆம் தேதி அதிகாரி கரம் சிங் தலைமையில் போனவர்கள் மீது மலை மேலிருந்து சீனப் படை சுட்டது. பத்துப் பேர் இறந்தார்கள். மூன்று வாரம் கழித்துத்தான் உடல்கள் திருப்பிக் கொடுக்கப்பட்டன. அந்த மலையிலேயே தகனம் நடந்தது. நாடெங்கும் அக்டோபர் 21 காவலர் வீரவணக்க நாளாக அனுசரிக்கப்படுவது இவர்களுக்காகத்தான்.

குஜராத்தின் கட்ச் பாலைநிலத்தில் இருந்த சர்தார் எல்லைச் சாவடியும் அப்படித்தான். 1965 ஏப்ரல் 9 அதிகாலையில் பாகிஸ்தான் ராணுவத்தின் ஒரு பிரிகேட் வந்து மோத, எங்கள் படையின் இரண்டாம் பட்டாலியனைச் சேர்ந்த சில கம்பெனிகள் சாவடியை விடாமல் தாக்குப்பிடித்தன. எல்லைக்கென்று தனிப் படை வேண்டும் என்று அரசு உணர்ந்து, அதே ஆண்டு டிசம்பரில் பி.எஸ்.எஃப். எனும் எல்லைப் பாதுகாப்புப் படையைத் தொடங்கியதற்கு அந்தச் சண்டையும் ஒரு காரணம்.

2001 டிசம்பர் 13 அன்று நாடாளுமன்ற வளாகத்துக்குள் நுழைந்த காரைச் சந்தேகப்பட்டு, ஓடிப்போய்க் கதவை அடைத்து, குரல் கொடுத்து எச்சரித்தவர் எங்கள் படையின் பெண் காவலர் கமலேஷ் குமாரி. கையில் ஆயுதம் கிடையாது. சுட்டுக் கொல்லப்பட்ட அவருக்கு அசோக் சக்ரா வழங்கப்பட்டது.

டெல்லி சாணக்கியபுரியில் 2018-இல் திறந்த தேசிய காவலர் நினைவிடச் சுவரில், சுதந்திரத்துக்குப் பின் எல்லாக் காவல் படைகளிலும் உயிர்நீத்த 34,844 பேரின் பெயர்களைப் பொறித்தார்கள். பெரிய காரியம். ஆனால் அந்த ஆள் எந்தத் தெருவில் வளர்ந்தார், எதற்காகப் படையில் சேர்ந்தார், அவருக்குப் பிறகு குடும்பம் எப்படிப் பிழைத்தது என்பதையெல்லாம் சுவரில் எழுத முடியாது. 2019 புல்வாமாவில் இறந்த நாற்பது பேரில் இருவர் தூத்துக்குடி, அரியலூர் மாவட்டத்துக்காரர்கள். அன்று ஊரே திரண்டது, தொலைக்காட்சிகளும் வந்தன. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் இறந்தவர்களுக்கு ஒரு தந்தி வந்ததோடு சரி. அவர்களை நேரில் அறிந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். இப்போது கேட்டு எழுதாவிட்டால் பிறகு கேட்க ஆள் இருக்காது. எங்கள் அவசரம் அதுதான்.

பணம் முக்கியமாக மூன்று செலவுகளுக்கு வேண்டும். கிராமம் கிராமமாகப் போய்வரப் பயணச் செலவு, பழைய புகைப்படங்களையும் கடிதங்களையும் ஸ்கேன் செய்ய, அப்புறம் அச்சுக்கூலி. எழுதுவதற்கும் திருத்துவதற்கும் யாரும் சம்பளம் வாங்கவில்லை. புத்தகம் உயிர்நீத்தவர்களின் குடும்பங்களுக்கும் அரசுப் பள்ளி நூலகங்களுக்கும் இலவசமாகப் போகும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். உயிர்நீத்தவரின் குடும்பத்துக்கு நேரடியாக உதவ நினைத்தால், உள்துறை அமைச்சகத்தின் 'பாரத் கே வீர்' நிதிக்குக் கொடுங்கள், அதுதான் முறை. எங்களிடம் தரும் பணம் புத்தகத்துக்கு மட்டுமே. 80ஜி வரிச்சலுகைப் பதிவு எங்களுக்கு இன்னும் இல்லை. நூறு ரூபாய் தந்தாலும் ரசீது உண்டு. வரவு செலவுக் கணக்கு நன்கொடையாளர் எல்லோருக்கும் அனுப்பப்படும். ரொக்கமோ காசோலையோ, குழுவின் பொருளாளரிடம் மட்டும் தாருங்கள்.

பணம் தர முடியாதவர்கள் வருந்த வேண்டாம். உங்கள் வீட்டிலோ உறவிலோ இந்தப் படையில் இருந்து இறந்தவர் யாராவது இருந்தால் எங்களுக்குச் சொல்லுங்கள். அவர் எழுதிய கடிதம், பயிற்சி முகாமில் எடுத்த குரூப் போட்டோ, அடையாள அட்டை என்று எது கிடைத்தாலும் பயன்படும். மூலத்தை அனுப்பாதீர்கள்; நாங்களே வந்து உங்கள் எதிரிலேயே படி எடுத்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
நூல் தொகுப்புக் குழுவினர்