தண்ணி விஷயம்

தென்காசி,
ஆடி 6.

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். மருமகளும் பாப்பாவும் நலமாக இருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று சிரிக்காதே. போனில் நீ "ம்", "சரிப்பா", "அப்புறம் கூப்பிடுறேன்" இந்த மூன்றைத் தவிர வேறு பேசி ஆறேழு வாரம் ஆகிறது. அத்தான் சனிக்கிழமை கோயம்புத்தூர் வருகிறார். அவரிடம் ஒரு பை கொடுத்து அனுப்புகிறேன். அவரை, பீர்க்கு, கத்தரி விதை தனித்தனிப் பொட்டலமாக இருக்கிறது, அம்மா பேர் எழுதியிருக்கிறாள். ஆடிப் பட்டம் போய்விடும், வந்த அன்றே ஊன்றிவிடு. நீலக் கவரில் இருப்பது அன்னபேதி, இரும்புச் சத்து உப்பு. அது தேயிலைச் செடிக்கு. பாப்பா கைக்கு எட்டாத இடத்தில் வை.

செடியின் இலை எப்படி மஞ்சளாகிறது என்று நான் கேட்டதற்கு நீ சரியாகப் பதில் சொல்லவில்லை. முழு இலையும் ஒரே மஞ்சளா, இல்லை நரம்பு மட்டும் பச்சையாக நின்று நடுவில் வெளுக்கிறதா? நரம்பு பச்சையாக இருந்தால் செடிக்கு இரும்புச் சத்து ஏறவில்லை என்று அர்த்தம். நீ போர் தண்ணியை ஊற்றுகிறாய், அதுதான் காரணம். உப்பும் சுண்ணாம்பும் உள்ள தண்ணி தேயிலைக்கு ஆகாது. அதற்குப் புளித்த மண் வேண்டும். வாத்தியார்கள் பி.எச். என்று சொல்வார்களே, அது நாலரைக்கும் ஐந்தரைக்கும் நடுவில் இருக்க வேண்டும். ஊரெல்லாம் ஆசைப்படுகிற சிறுவாணித் தண்ணி உன் வீட்டுக் குழாயில் வருகிறது. அதில் ஒரு குடம் செடிக்கு எடுத்து வைத்தால் என்ன? அன்னபேதியை லிட்டருக்கு ஐந்து கிராம் கரைத்து, நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு, சாயங்காலம் இலையில் தெளி. வெயிலில் தெளிக்காதே, இலை கருகிவிடும்.

தண்ணி அளவாக ஊற்று. முக்கியமானது அதுதான். சட்டி மண்ணில் விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பார், ஈரம் இருந்தால் ஊற்றாதே. தினமும் ஊற்றவேண்டும் என்று சட்டமில்லை.

இங்கே சாரல் நன்றாக இருக்கிறது. ஓட்டுத் தண்ணியை டிரம்மில் பிடித்து வைத்திருக்கிறேன், நாலு டிரம்மும் நிறைந்துவிட்டது. முருங்கை நிழலில் இருக்கிற இரண்டு தேயிலையும் இப்போது இடுப்பு உயரம். பத்து நாளைக்கு ஒரு தடவை இரண்டு இலை ஒரு மொட்டாகக் கிள்ளுகிறேன். போன தடவை ஐம்பது கிராம் இருந்தது. ராத்திரி முறத்தில் பரப்பி வாட விட்டு, காலையில் உள்ளங்கையில் வைத்துச் சாறு கசியும்வரை உருட்டி, ஈரத் துணி போட்டு மூடினேன். செம்புக் காசு நிறம் வந்ததும் வாணலியில் இளஞ்சூட்டில் காய வைத்தேன். பத்து கிராம் தேறியது. ஐந்து கிளாஸ் டீ. அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு, "முப்பத்தோரு வருஷம் பறிச்சுப் போட்டேன், இன்னைக்குத்தான் எனக்குன்னு ஒரு டீ" என்றாள். எஸ்டேட்டை விட்டு வரும்போது நாற்பது கொண்டை ஊசி வளைவிலும் மூன்று மூட்டை மண்ணைக் கட்டிக்கொண்டு நான் இறங்கியபோது என்னைப் பைத்தியம் என்றவள் அவள்தான்.

தேயிலை ஆராய்ச்சி செய்கிற உபாசிக்காரர்கள் தேயிலை ரகங்களுக்குப் பாண்டியன், சுந்தரம் என்றெல்லாம் பேர் வைத்திருந்தார்களே, உனக்கு நினைவிருக்கிறதா? உன் சட்டியில் இருப்பது பாண்டியன். சின்ன வயதில் நீ, "பாண்டியனுக்குப் பசிக்குதாப்பா?" என்று கேட்பாய்.

சிறுகிழங்கு நட்டாயிற்று. தையில் தோண்டுவோம். போன தையிலும் தோண்டினோம். நீ வருவாய் என்று அம்மா ஒரு பங்கை மண்ணோடு எடுத்து வைத்திருந்து, மாசியில் அக்கா வீட்டுக்குக் கொடுத்தாள். அதற்கு முந்தின தைக்கும் நீ வரவில்லை. குறை சொல்வதற்காக எழுதவில்லை. வேலை இருக்கும். லேத்தில் உன் கை எப்படி என்று எனக்குத் தெரியும். நீ பத்தாவது படிக்கும்போது பிரித்து மாட்டிய மோட்டார்தான் இன்றைக்கும் நம் கிணற்றில் ஓடுகிறது. அதைப் பார்த்த மெக்கானிக், "யார் கை வச்சது?" என்று கேட்டார். என் மகன் என்று சொன்னேன். இரண்டு தடவை சொன்னேன்.

ஆனால் தினமும் ஓவர்டைம் என்கிறாய். ராத்திரி பத்து மணிக்கு மேல் போனை எடுப்பதில்லை, எடுத்தால் மருமகள் எடுக்கிறாள். கோபப்படாதே. எனக்கு அது யானை நின்ற கதை மாதிரி கேட்கிறது.

தண்ணி அதிகமானாலும் இலை தொங்கும், குறைந்தாலும் தொங்கும். தொங்குகிறதே என்று மேலும் மேலும் ஊற்றுகிறவர்கள்தான் செடியைக் கொல்கிறார்கள். விரலை விட்டுப் பார்த்து ஊற்று.

எஸ்டேட்டில் கவாத்துக்கு முன்னால் ஆபீசர் ஒரு வேரை வெட்டி அதில் அயோடின் விடுவார். கறுநீலமாக மாறினால் வேரில் மாவு இருக்கிறது, வெட்டலாம். மாறாவிட்டால் கொஞ்ச நாள் கொழுந்து பறிக்காமல் செடியைச் சும்மா விட்டுவிட வேண்டும். இரண்டு செடியும் மேலே ஒரே பச்சையாகத்தான் இருக்கும். இதை எதற்கு எழுதினேன் என்று தெரியவில்லை. வெட்டின பிறகு கழித்த குச்சிகளையே எடுத்துச் செடியின் மேல் மூடுவோம், பட்டையில் வெயில் படாமல் இருக்க. நீயும் லீவு நாளில் கூட வந்து மூடியிருக்கிறாய்.

போன வாரம் பாப்பா சைக்கிள் ஓட்டுகிற போட்டோவை மருமகள் அனுப்பியிருந்தாள். அம்மா பாப்பாவைப் பார்த்தாள். நான் பின்னால் பால்கனியைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பாண்டியனில் இலை இல்லை. சட்டிக்குப் பின்னால் ஒரு பாட்டில் இருந்தது. தண்ணி பாட்டிலாகத்தான் இருக்கும். அம்மாவிடம் காட்டவில்லை.

இதைக் கேட்க எனக்கு வாய் இல்லை தம்பி. அதனால்தான் மூன்று பக்கமாகச் செடிக்குத் தண்ணி, செடிக்குத் தண்ணி என்று எழுதிக்கொண்டிருக்கிறேன்.

சம்பளத்தன்று ராத்திரி டார்ச்சை எடுத்துக்கொண்டு என்னைத் தேடி வந்தபோது உனக்குப் பதினொரு வயது. சிறுத்தை நடமாட்டம் இருந்த நேரம். நான் வாய்க்கால் ஓரம் செடிகளுக்கு நடுவில் விழுந்து கிடந்தேன். உன்னால் தூக்க முடியவில்லை. விடிந்து நான் கண் விழித்தபோது அம்மா கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டுகிற படங்கு என் மேல் கிடந்தது. டார்ச் செத்துப் போயிருந்தது. நீ காலடியில் உட்கார்ந்து என் காலில் இருந்த அட்டைகளை நகத்தால் ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தாய். உன் காலில் ஏறியிருந்ததை நீ கவனிக்கவில்லை, ரத்தம் செருப்புவரை வழிந்திருந்தது. நான் உன்னிடம் முதலில் சொன்னது, "வழியில யானை நின்னுச்சு, ஃபேக்டரியிலேயே தங்கிட்டோம்னு அம்மாகிட்ட சொல்லு." நீ அப்படியே சொன்னாய். அம்மா நம்பவில்லை. ஆனால் அதற்குப் பிறகு நம் வீட்டில் யார் எதை மறைத்தாலும் யானை நின்றது என்று சிரிப்பது வழக்கமாகிவிட்டது. நானும் கூடவே சிரித்திருக்கிறேன். பொய் சொல்ல உனக்குக் கற்றுக்கொடுத்தவன் நான்தான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கொண்டு வந்த ஆறு தேயிலையில் நாலு வெயிலில் பட்டுப்போயிற்று என்று உன்னிடம் சொன்னேன். வெயில் இல்லை. 2017-ல் நான் நிறுத்தினேனே, மாலை போட்டதால் நிறுத்தினேன் என்று அம்மா சொல்வாள். மாலையைக் கழற்றிய பிறகும் இரண்டு தடவை குடித்தேன். அப்புறம்தான் அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் மாத்திரை வாங்கினேன். அத்தான்தான் கூட வந்தார், இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை. மாத்திரை போட்டாலும் சாயங்காலம் ஆறு மணி ஆனால் கை சும்மா இருக்காது. வாளியை எடுத்துக்கொண்டு செடிக்கு ஊற்றுவேன். ஊற்றி முடித்து மறுபடியும் ஊற்றுவேன். ஒரு மாதத்தில் நாலு செடியின் வேரும் அழுகிப் போயிற்று. பிடுங்கினால் கறுப்பாக, சேற்று வாடையோடு கையோடு வந்தது. மிச்சம் இரண்டு செடியும் மேட்டில் நின்றதால் தப்பித்தது.

அத்தான் திங்கட்கிழமை திரும்புகிறார், வண்டியில் இடம் இருக்கிறது. லீவு கிடைத்தால் அவரோடு வா. மருமகளையும் பாப்பாவையும் கூட்டிக்கொண்டு வந்தாலும் சரி, நீ மட்டும் வந்தாலும் சரி. அம்மாவிடம் என்ன சொல்வது என்று யோசிக்காதே, நான் சொல்லிக்கொள்கிறேன். பாண்டியனைச் சட்டியோடு எடுத்து வா. இலை இல்லை என்பதற்காகத் தூக்கிப் போட்டுவிடாதே, தண்டை நகத்தால் கீறிப் பார்க்க வேண்டும், உள்ளே பச்சை இருந்தால் கீழே வெட்டிவிடலாம். கவாத்துக் கத்தியைத் தீட்டி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
அப்பா