செவுள் இல்லாத ஈரல்

சாட்ஸ்வர்த், டர்பன்

அன்பு மகளுக்கு,

நீ வீடியோவில் காட்டிய மெஷின் பெட்டி ஒரு வாரமாகக் கண்ணிலேயே நிற்கிறது. இன்னொருவருக்கு வைப்பதற்காக ஒரு உடம்பை விட்டு எடுத்த ஈரல், 37 டிகிரி சூட்டில், குழாய் வழியே ரத்தமும் ஆக்ஸிஜனும் வாங்கிக்கொண்டு பித்தம் சுரக்கிறது!

ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுபோவதுதான் பழைய வழி என்றாய். ஐஸைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். 30 வருஷம் இந்தக் கடற்கரையில் வலை இழுத்தவன். ஜூன், ஜூலையில் சார்டின் மீன் கூட்டம் வந்தால் கிடைக்கிற ஐஸ் போதாது. ஐஸ் கெடுதலைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான். மீனுக்காவது செவுளைத் தூக்கிப் பார்க்கலாம். ஐஸ் பெட்டியில் வரும் ஈரல் நன்றாக வேலை செய்யுமா என்பது ஆளுக்குள் வைத்துத் தைத்த பிறகுதான் சரியாகத் தெரியும் என்றாய். உங்கள் மெஷினில் லாக்டேட் (ஈரல் வேலை செய்தால் ரத்தத்தில் குறைகிற ஒரு கழிவு) இறங்குகிறதா, பித்தம் வருகிறதா என்று முன்னாடியே பார்த்துவிடலாம். அதுதான் எனக்குப் பிடித்துப்போனது.

ஒரே ஆளுக்கு ஈரலும் சிறுநீரகமும் வைத்தால் முதலில் ஈரல், அது நிலைக்கும் வரை சிறுநீரகம் வேறொரு குளிர்ந்த மெஷினில் காத்திருக்கும் என்றாயே, அங்கே எனக்குக் குழம்பிவிட்டது. சூட்டில் வைப்பதும் நீங்கள்தான், குளிரில் வைப்பதும் நீங்கள்தான்.

1967 டிசம்பர் 3 அன்று கேப் டவுன் க்ரூட் ஸ்கூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் பர்னார்ட் உலகத்திலேயே முதல்முறையாக ஒரு மனிதரின் இதயத்தை இன்னொருவருக்கு மாற்றிவைத்தபோது நான் சின்னப் பையன். ஊரே டாக்டரைப் பற்றிப் பேசியது. உன் ஆயா மட்டும் இதயம் கொடுத்த பெண்ணின் அப்பாவைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தாள். எட்வர்ட் டார்வால். ஒரே விபத்தில் மனைவியையும் 25 வயது மகள் டெனிஸையும் பறிகொடுத்தவர். அவர் சரி என்று சொன்ன பிறகுதான் பர்னார்ட் கத்தியை எடுக்க முடிந்தது.

போன வருஷம் உறுப்பு தானத்துக்குப் பதிவு செய்யச் சொன்னாய். காவடி எடுத்த உடம்பை அறுக்கக் கொடுப்பேனா என்று கத்தினேன். போன செவ்வாய்க்கிழமை பதிவு செய்துவிட்டேன். இந்த வயசில் எது தேறுமோ, அது டாக்டர்கள் பாடு.

பதிவு இருந்தாலும் கடைசியில் வீட்டாரிடம்தான் சம்மதம் கேட்பார்களாம். உன் அம்மாவிடம் நான் இன்னும் வாயைத் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது நீயே பேச்சை ஆரம்பித்துவிடு. நான் கொல்லைப்பக்கம் கறிவேப்பிலைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருப்பேன்.

அப்பா