கானமயிலைத் தேடி ஒரு நாள்

சூலூர்,
டிசம்பர் 2

அன்பு மகள் கயல்விழிக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். பொங்கல் கழிந்த மறுவாரம் நாங்கள் ஜெய்சல்மேர் வரும்போது, கோட்டையையும் ஒட்டகச் சவாரியையும் காட்ட ஒரு நாள் விடுப்பு எடுப்பதாகக் கூறியிருந்தாய். அந்த ஒரு நாளைப் பறவைகளுக்கு ஒதுக்க வேண்டும் என்பது என் விருப்பம். கோட்டையை மாலையில் பார்த்துக்கொள்ளலாம்.

நான் காண விரும்புவது கானமயில் என்னும் பெரிய புல்வெளிப் பறவை. ஒரு காலத்தில் நம் கோவை மாவட்டத்து மேய்ச்சல் வெளிகளிலும் திரிந்த அந்தப் பறவையை, இங்கேயே பிறந்து வளர்ந்த நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. இன்று காட்டில் எஞ்சியிருப்பவை 150க்கும் குறைவு. அவற்றிலும் பெரும்பாலானவை நீ இருக்கும் மாவட்டத்தில்தான் வாழ்கின்றன.

சாம் மணல்மேடுகளுக்கு நகரிலிருந்து மேற்கே 40 கிலோமீட்டர். நாம் போக வேண்டியது அதற்குத் தெற்கே, பாலை தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் சுதாசரிக்கு. வனத்துறை அனுமதியை முன்கூட்டியே வாங்கி, தடம் அறிந்த உள்ளூர் ஓட்டுநர் ஒருவரின் ஜீப்பை ஏற்பாடு செய்துவிடு. ஜனவரியில் அங்கே சூரியன் ஏழரை மணிக்குத்தான் எழும் என்பதால் ஆறு மணிக்குப் புறப்பட்டால் போதும். ஆனால் பத்து மணிக்கு மேல் கானல் ஆடத் தொடங்கிவிட்டால், தொலைவில் நிற்பது பறவையா புதரா என்றே தெரியாது. பழுப்பு முதுகு சேவண் புல்லோடு கலந்துவிடும். புல்லுக்கு மேலே நிமிர்ந்த வெண்கழுத்தையும் அதன் உச்சியில் கருந்தொப்பியையும்தான் தேட வேண்டும். கல்கௌதாரிகள் காலையில் கூட்டமாகத் தண்ணீருக்கு வரும்; வெயில் ஏறியதும் பாறுகள் என்னும் பிணந்தின்னிக் கழுகுகள் வானில் வட்டமிடும். அவற்றையும் காணலாம்.

உன் மின்துறை வேலையோடு தொடர்புடைய ஒன்றையும் கேட்க வேண்டும். கானமயிலின் கண்கள் பக்கவாட்டில் அமைந்திருப்பதால் அதற்கு நேர்முன்னே உள்ளது சரியாகத் தெரிவதில்லை. ஆண் பறவை 15 கிலோ வரை எடையுள்ளது என்பதால், மின்கம்பியை அருகில் கண்ட பின் விலகவும் இயலாமல் மோதி இறக்கிறது. கம்பிகளை நிலத்துக்கடியில் கொண்டு செல்லுமாறு உச்ச நீதிமன்றம் 2021இல் ஆணையிட்டதும், 2024இல் அதை மாற்றி நிபுணர் குழு அமைத்ததும் உனக்குத் தெரியும். அந்தக் கம்பிகள் சுமக்கும் சூரிய மின்சாரமும் வேண்டும், அந்தப் பறவையும் வேண்டும் என்று நினைப்பவன் நான். பறவைகளை எச்சரிக்கக் கம்பிகளில் தொங்கவிடும் சுழல் தகடுகளை வழியில் எனக்குக் காட்டி, அவை எவ்வளவு தொலைவு இடைவெளியில் கட்டப்படுகின்றன, காற்றில் எத்தனை நாள் தாங்குகின்றன என்பதை நீதான் விளக்க வேண்டும்.

பறவை தொலைவில் நின்றால் ஜீப்பைத் தடத்தை விட்டு இறக்கச் சொல்லாதே. அப்பா ஆசைப்படுகிறாரே என்று ஓட்டுநரை நெருக்கவும் வேண்டாம். விடியலில் குளிர் 8 பாகை வரை இறங்கும் என்பதால் அம்மாவுக்கு ஒரு கம்பளி எடுத்து வை. நீ கல்லூரியில் வாங்கிய பைனாகுலரைத் துடைத்து, புதிய வார் மாட்டி வைத்திருக்கிறேன். நாங்கள் வரும்போது கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
அப்பா