பெயர்களை எழுதி அனுப்புங்கள்: தமிழ் ராப், எலக்ட்ரானிக் இசைக் கலைஞர்களுக்கு ஒரு திறந்த மடல்

சொந்தக் காசில் பாட்டு வெளியிடும் ராப் கலைஞர்களுக்கும், பீட் (ராப்புக்கான பின்னணி இசை) செய்பவர்களுக்கும், கணினியும் சிந்தசைசரும் கொண்டு இசை கட்டுகிறவர்களுக்கும்,

வணக்கம். புதுப் பாட்டைத் தேடிக் கேட்பவர்களும், கேட்டதை நாலு பேருக்குக் கொண்டு சேர்ப்பவர்களும் சேர்ந்து எழுதும் மடல் இது. உங்கள் பாட்டு எங்களுக்குப் பிடிக்கிறது. ஆனால் அந்தப் பாட்டிலிருந்து அடுத்த பாட்டுக்குப் போக வழி இல்லை. பீட் செய்தவர் பெயர் இல்லை, குரலையும் இசையையும் அளவாகக் கலந்து மிக்ஸிங் செய்தவர் பெயர் இல்லை, சாம்பிள், அதாவது வேறு ஒலிப்பதிவிலிருந்து வெட்டி எடுத்த துண்டு, எங்கிருந்து வந்தது என்ற குறிப்பும் இல்லை. பல வெளியீடுகளில் இருப்பது ராப்பர் பெயரும் அட்டைப்படமும்தான்.

ராப் கேட்பவர் பாடுகிறவரை மட்டும் பிடித்துக்கொண்டு போவதில்லை. 2006இல் மலேசியாவிலிருந்து ‘வல்லவன்’ என்ற ராப் ஆல்பம் வந்தபோது அதில் யோகி பி மட்டுமல்ல, எம்சீ ஜெஸ், டாக்டர் பர்ன் என்ற பெயர்களும் இருந்தன. யோகி பி பெயரைப் பிடித்துப் பின்னால் போனால் 90களின் போயட்டிக் அம்மோ என்ற ராப் குழு வருகிறது. மற்ற இரண்டு பெயர்களும் வேறு கதவுகள். இந்த மூன்று பெயர்களை வைத்தே ஒருவர் மலேசியத் தமிழ் ராப்புக்குள் வெகுதூரம் போய்விடலாம்.

எலக்ட்ரானிக் இசையில் இது இன்னும் கூர்மை. சரண்ஜித் சிங் 1982இல் மும்பையில் டி.ஆர்-808 என்ற மின்னணுத் தாளக் கருவியிலும் டி.பி-303 என்ற பேஸ் சிந்தசைசரிலும் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஒரு தட்டு வெளியிட்டார். அது விற்கவில்லை. இருபது ஆண்டுகள் கழித்து ஒரு டச்சு சேகரிப்பாளர் கையில் அந்தத் தட்டு கிடைத்தது, 2010இல் மறுபதிப்பு வந்தது. ஆசிட் ஹவுஸ் என்று பின்னாளில் சிகாகோவில் பெயர் பெற்ற எலக்ட்ரானிக் நடன இசையின் ஓசையை ஒத்த இசையை அதற்கு முன்பே ஒருவர் வாசித்திருந்தது அப்போதுதான் உலகுக்குத் தெரிந்தது. உறையில் பெயர் அச்சாகியிருந்தது, அந்தப் பெயருக்குரியவரைத் தேடிப் போக முடிந்தது. உங்கள் பாட்டையும் இருபது ஆண்டு கழித்து யாராவது தேடுவார்கள் என்று நாங்கள் உண்மையாகவே நம்புகிறோம்.

இனி, தவறு எங்கே நடக்கிறது என்று பார்ப்போம். பாட்டை ஸ்ட்ரீமிங் தளங்களுக்குக் கொண்டு சேர்க்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் படிவத்தில் பாடலாசிரியர், இசையமைப்பாளர் என்ற கட்டங்களுக்குச் சட்டப்பெயர்தான் வேண்டும், மேடைப் பெயர் அல்ல. அவசரத்தில் மேடைப் பெயரையே எல்லாவற்றிலும் ஒட்டிவிட்டால், பாடலாசிரியர், இசையமைப்பாளர்களுக்கு ராயல்டி வசூலிக்கும் ஐ.பி.ஆர்.எஸ். போன்ற உரிமைச் சங்கத்தில் நீங்கள் பதிந்த பெயரோடு அது பொருந்தாது. டிஸ்ட்ரிபியூட்டர் வாங்கித் தருவது ஒலிப்பதிவுக்கான பணம். வரிக்கும் மெட்டுக்குமான ராயல்டி வேறு வழியில் வருவது, அதற்குப் பெயர் பொருந்தியாக வேண்டும். பீட் செய்தவருக்கு எத்தனை சதவீதம், வரி எழுதியவருக்கு எத்தனை என்பதைப் பாட்டு வெளிவருவதற்கு முன்பே ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். பாட்டு ஓடிய பிறகு அந்தத் தாளை எழுதுவது பல மடங்கு கடினம்.

அடுத்தது எழுத்துக்கூட்டல். தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதும்போது ‘ழ’ ஒரு பாட்டில் ஒரு விதமாகவும் அடுத்ததில் வேறு விதமாகவும் வருகிறது. ஸ்ட்ரீமிங் தளம் இரண்டையும் இரண்டு ஆட்களாக எடுத்துக்கொண்டு இரண்டு பக்கம் திறந்துவிடும். உங்கள் பெயரிலேயே வேறு நாட்டில் ஒருவர் இருந்தால் பாட்டு அவர் பக்கத்தில் போய் விழும். ஒரே எழுத்துக்கூட்டலைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள். படிவத்தில் “ஏற்கெனவே பக்கம் இருக்கிறதா” என்ற கேள்வி வரும்போது உங்கள் பக்கத்தின் சுட்டியைக் கொடுங்கள். கூடப் பாடியவர் பெயரைத் தலைப்போடு தட்டச்சு செய்யாதீர்கள். அதற்கென்று இருக்கும் கட்டத்தில் கொடுத்தால்தான் பாட்டு அவர் பக்கத்திலும் தெரியும். மொழி என்ற இடத்தில் ஆங்கிலத்தை அப்படியே விட்டுவிடாமல் தமிழைத் தேர்ந்தெடுங்கள்.

ஒலிப்பதிவை அடையாளம் காட்டும் ஐ.எஸ்.ஆர்.சி. எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. 12 எழுத்துகளும் இலக்கங்களும் சேர்ந்தது அது. முதல் ஐந்து வழங்கியவரையும், அடுத்த இரண்டு ஆண்டையும், கடைசி ஐந்து வரிசையையும் குறிக்கும். ஒரு ஒலிப்பதிவுக்கு ஒரே எண்தான். டிஸ்ட்ரிபியூட்டரை மாற்றும்போது பழைய எண்ணைக் கொடுக்காமல் புதிது வாங்கினால், சேர்ந்திருந்த கேட்பு எண்ணிக்கை பாட்டோடு வராமல் போகலாம், நாங்கள் பிளேலிஸ்ட்டில் போட்டு வைத்த பாட்டு ஒரு நாள் காலையில் சாம்பல் நிறமாகிக் கிடக்கும். ரீமிக்ஸ், வாய்ப்பாட்டில்லாத பதிப்பு என்று ஒலிப்பதிவே மாறும்போது தனி எண் வாங்குங்கள்.

தேதியில் பொறுமை வேண்டும். நாலு வாரம் முன்பே பாட்டை ஏற்றிவிடுங்கள். ஸ்பாட்டிஃபையில் வெளியாகாத ஒரு பாட்டைத்தான் பிளேலிஸ்ட்டுகளைத் தொகுக்கும் ஆசிரியர் குழுவுக்குப் பரிந்துரைக்க முடியும். வெளியீட்டுக்குக் குறைந்தது 7 நாள் முன்பு செய்தால், உங்களைப் பின்தொடர்பவர்களின் வாராந்தரப் புதுப்பாட்டுப் பட்டியலில் நீங்கள் சொன்ன பாட்டு வரும். வியாழன் இரவு ஏற்றி வெள்ளி காலை வெளியிடுகிறவர்கள் இதைத் தாங்களே இழக்கிறார்கள்.

வாடகை பீட் விஷயத்தில் நிறையப் பேர் அடிபடுகிறார்கள். யூடியூபில் ஒருவரிடம் பணம் கொடுத்து வாங்கும் பீட் பெரும்பாலும் உங்களுக்கு மட்டும் உரியது அல்ல. அதே பீட்டை இன்னும் பத்துப் பேர் வாங்கியிருப்பார்கள். அந்தப் பாட்டை யூடியூபில் உரிமையுள்ள ஒலியைத் தானாகக் கண்டுபிடிக்கும் கன்டென்ட் ஐடியில் நீங்கள் பதிந்தால், மற்ற பத்துப் பேரின் காணொளிகளிலும் உரிமைக் கோரிக்கை விழும். அவர்களில் ஒருவர் முந்திக்கொண்டால் உங்கள் காணொளியில் விழும். ராயல்டி இல்லாத லூப் தொகுப்புகளிலும் இதே சிக்கல்தான். எனவே டிஸ்ட்ரிபியூட்டரின் படிவத்தில் கன்டென்ட் ஐடிக்கான குறியை எடுத்துவிடுங்கள், ஒப்பந்தத்தில் எத்தனை கேட்பு வரை அனுமதி என்று படியுங்கள், பீட் செய்தவர் பெயரைத் தவறாமல் போடுங்கள். எங்களைப் போல் பகிர்பவர்களின் தொகுப்புகள் முடக்கப்படுவதற்கு இந்த ஒரு குறி பெரிய காரணம்.

சாம்பிளின் மூலத்தைச் சொல்லக் கூச்சப்படாதீர்கள். தி வின்ஸ்டன்ஸ் குழுவின் 1969ஆம் ஆண்டுத் தட்டு ஒன்றில் டிரம்மர் கிரெகரி கோல்மன் வாசித்த நான்கு தாளச்சுற்று, சுமார் ஏழு நொடி, ஜங்கிள், டிரம் அண்ட் பேஸ் என்ற இசைவகைகளின் அடித்தளம். ஆயிரக்கணக்கான பாட்டுகளில் அது இருக்கிறது. கோல்மன் 2006இல் இறந்தார், அதற்காக ராயல்டி எதுவும் வரவில்லை. 2015இல் ரசிகர்கள் திரட்டிய சுமார் 24,000 பவுண்டு குழுத்தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்ஸரிடம் போய்ச் சேர்ந்தது. தமிழ்த் திரைப்பாட்டிலிருந்தோ கோயில் மேளத்திலிருந்தோ நீங்கள் வெட்டி எடுக்கும் துண்டையும் யாரோ ஒருவர் வாசித்திருக்கிறார். சட்ட அனுமதி தனி வேலை, அது கட்டாயம் வேண்டும். வாசித்தவர் பெயர் தெரிந்தால் அதையும் எழுதுங்கள். பறையா, தவிலா, உருமியா என்றாவது சொல்லுங்கள்.

டிஜேக்களுக்கும் பகிர்பவர்களுக்கும் கோப்பு அனுப்பும்போது: வேவ் கோப்பில் பெயர்க்குறிப்பு நம்பகமாகத் தங்காது. தரம் குறையாமல் சுருக்கும் ஃப்ளாக் கோப்பை அனுப்புங்கள், அதன் குறிப்புகள் யூனிகோட் என்பதால் தமிழ் எழுத்து சிதையாது. எம்பி3 என்றால் 320 கிலோபிட், ஐடி3 என்ற பெயர்க்குறிப்பு முறையின் இரண்டாம் பதிப்புக் குறிப்புகளோடு. பழைய முதல் பதிப்பில் ஒரு கட்டத்துக்கு 30 எழுத்துதான், தமிழும் நிற்காது. விண்டோஸில் இலவசமாகக் கிடைக்கும் எம்பி3டேக் மென்பொருளில் ஐந்து நிமிட வேலை இது. 128 கிலோபிட் எம்பி3யை ஃப்ளாக்காக மாற்றி அனுப்பாதீர்கள். ஒலியின் அதிர்வெண்களைப் படமாகக் காட்டும் ஸ்பெக் மென்பொருளில் திறந்தால் 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் கத்தரித்தது போல வெறுமையாக இருப்பது கண்ணுக்கே தெரிந்துவிடும், பெரிய ஸ்பீக்கரில் ஹை-ஹாட் (டிரம்ஸின் ஜால்ரா) தகரமாகக் கேட்கும். ஒலி அளவு? கேட்பவர் அமைப்பை மாற்றாத வரை, ஸ்பாட்டிஃபை பாட்டுகளை மைனஸ் 14 எல்.யு.எஃப்.எஸ். (காதுக்குக் கேட்கும் சத்தத்தின் அலகு) அளவுக்குச் சமன் செய்கிறது. அதற்கு மேல் நசுக்கினால் பாட்டு சத்தமாகாது, 808 பேஸின் அடிதான் மழுங்கும்.

ரீல்ஸில் 30 நொடித் துண்டு போடுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வெளியான பாட்டை ஒலியாகத் தேர்ந்தெடுத்துப் போடுங்கள். கையிலிருக்கும் காணொளியை அப்படியே ஏற்றினால் “அசல் ஒலி” என்று விழும், அதைத் தொட்டால் பாட்டுக்குப் போகாது. பார்க்கிறவர் ரசித்துவிட்டு அடுத்த காணொளிக்கு நகர்ந்துவிடுவார்.

பழைய பாட்டுகளுக்கும் இன்னும் காலம் கடந்துவிடவில்லை. மியூசிக்பிரெய்ன்ஸ் திறந்த தரவுத்தளம். யார் வேண்டுமானாலும் கணக்குத் தொடங்கி, பீட், மிக்ஸிங், மாஸ்டரிங் (வெளியீட்டுக்கான கடைசி ஒலிச் சீரமைப்பு), சாம்பிள் எடுத்த இடம் என்று தனித்தனியாகப் பதியலாம். தமிழ் எழுத்திலும் ஆங்கில எழுத்திலும் பெயரை மாற்றுப்பெயராகச் சேர்க்கலாம். டிஸ்காக்ஸ் 2000இல் எலக்ட்ரானிக் இசைக்கென்றே தொடங்கியது, தட்டோ கேசட்டோ போட்டவர்கள் அங்கும் சேர்க்கலாம். உங்களுக்கு நேரமில்லை என்றால் ஒவ்வொரு பாட்டுக்கும் ஆறு வரி எழுதி அனுப்புங்கள்: தலைப்பு, ஆண்டு, வரி எழுதியவர், பீட் செய்தவர், மிக்ஸிங் செய்தவர், சாம்பிள். தட்டச்சு செய்து ஏற்றும் வேலையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

அன்புடன்,
தேடிக் கேட்பவர்களும் பகிர்பவர்களும்