ஆனையிறவுச் சின்னமும் தம்பியின் கல்லும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு வாரமலரில் வந்த வடக்குச் சுற்றுலாக் கட்டுரையில், ஆனையிறவில் நிற்கும் போர்ச் சின்னத்தை நல்லிணக்கச் சின்னம் என்று எழுதியிருந்தார்கள். அந்த ஒரு சொல்லைத் தாண்டி என்னால் மேலே வாசிக்க முடியவில்லை. பேப்பரை மடித்து வைத்துவிட்டேன். முப்பது வருடமாக உங்கள் பத்திரிகையை வாங்குகிறேன், அதனால்தான் எழுதுகிறேன்.

ஆனையிறவில் கைகள் ஏந்திய இலங்கைப் படமும், அதற்குக் கிட்ட காமினி குலரத்ன என்ற சிப்பாயின் நினைவிடமும் இருப்பது உங்களுக்குத் தெரியும். 1991 ஜூலையில், புலிகளின் கவசமிட்ட புல்டோசர் இராணுவ முகாமை நோக்கி வந்தபோது, தன் உயிரைக் கொடுத்து அதை நிறுத்தியவர். அந்தப் புல்டோசரும் அங்கேதான் நிற்கிறது. அவருக்கு வைத்த கல்லைப் பார்த்து எனக்குப் பொறாமை இல்லை. அவரையும் ஒரு தாய் பெற்றாள். அவள் வந்து நிற்க ஓர் இடம் வேண்டும்.

என் தம்பி விழுந்ததும் அதே ஆனையிறவில்தான், 2000 ஏப்ரலில். அவன் புலிகளின் போராளி. கிளிநொச்சியில், போராளிகளைப் புதைக்கும் கனகபுரம் துயிலும் இல்லத்தில் விதைத்தோம். இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாமில் இருந்து 2010இல் ஊர் திரும்பியபோது அங்கே கல்லறை ஒன்றும் இல்லை. உழுத வயல் மாதிரி நிலம் கிடந்தது. அம்மா ஒரு முழுப் பகலும் உடைந்த துண்டுகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தா. பெயரில் ஓர் எழுத்தாவது கிடைக்கும் என்று நினைத்தா. கிடைக்கவில்லை. அந்த வளவுக்குள் விளக்கேற்ற 2016 கார்த்திகை வரை காத்திருந்தோம். இரண்டு வருடத்தில் அம்மாவும் போய்விட்டா.

போன ஆவணியில் யாழ்ப்பாணம் போகும் வழியில் பஸ் ஆனையிறவில் நின்றது. தெற்கிலிருந்து வந்த ஒரு குடும்பம் சின்னத்துக்கு முன்னால் படம் எடுத்துத் தரச் சொல்லி என்னிடம் போனைத் தந்தது. எடுத்துக் கொடுத்தேன். நல்ல சனம். அந்த அம்மா எனக்குத் தண்ணீர் தந்து, சண்டை நேரம் எங்கே இருந்தீர்கள் என்று உடைந்த தமிழில் கேட்டா. சொல்லத் தொடங்க முன் பஸ்காரர் ஹோர்ன் அடித்துவிட்டார். நல்லிணக்கம் என்றால், அந்த அம்மாவுக்கு நான் சொல்லியிருக்கக்கூடிய பதில்தான் என்று இன்றும் நினைக்கிறேன். அங்கே நிற்கும் கல் அந்தப் பதிலைச் சொல்லாது.

கிளிநொச்சியில் எறிகணை துளைத்த சீமெந்துக் கட்டியும் அதன் மேல் தாமரையும், புதுக்குடியிருப்பில் தண்ணீருக்கு நடுவே துப்பாக்கியை உயர்த்திய சிப்பாயும் வென்றவர்கள் தங்கள் வெற்றிக்கு வைத்தவை. சரி, வைக்கட்டும். ஆனால் கோப்பாயில் துயிலும் இல்லத்தை அழித்து, 2011இல் அதன் மேல் படைத் தலைமையகம் திறந்தார்கள். 2021 ஜனவரி 8 இரவு யாழ். பல்கலைக்கழகத்தில் கடைசிப் போரில் செத்த சனத்துக்கு வைத்த முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபியை இடித்தார்கள். பிள்ளைகள் உண்ணாவிரதம் இருந்த பிறகுதான் திரும்பக் கட்ட விட்டார்கள். 2016 சுதந்திர தினத்தில் தமிழில் தேசிய கீதம் கேட்டு நான் அழுதேன், 2020இல் அதையும் நிறுத்தினார்கள். கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20இல் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடி உட்கார்ந்த தாய்மாரில் எத்தனையோ பேர் பதில் இல்லாமலே செத்துப்போனார்கள். இவ்வளவையும் உங்கள் பத்திரிகைதான் எழுதியது. அதே பத்திரிகையில் அந்தச் சொல் எப்படி வந்தது ஐயா?

அரசாங்கம் நியமித்த கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவே, பாதிக்கப்பட்ட எல்லாருக்கும் அனுதாபம் தெரிவிக்கச் சுதந்திர தினமான பெப்ரவரி 4இல் தனி நிகழ்வு ஒன்று வேண்டும் என்று 2011இல் பரிந்துரைத்தது. அதற்கும் மிக முந்திய கதை மகாவம்சம் என்ற பழைய வரலாற்று நூலில் இருக்கிறது. தமிழ் மன்னன் எல்லாளனைக் கொன்ற சிங்கள மன்னன் துட்டகைமுனு, அவன் விழுந்த இடத்திலேயே நினைவிடம் கட்டி வணங்கினான். அந்த வழியால் போகிறவர்கள் வாத்தியங்களை நிறுத்த வேண்டும் என்பது வழக்கமாயிற்று. வெள்ளைக்காரருக்கு எதிரான 1818 கிளர்ச்சியில் தோற்று ஓடிய கண்டிப் பிரதானி பிலிமத்தலாவை, களைத்துப்போன நிலையிலும் பல்லக்கை விட்டு இறங்கி, அந்த இடத்தைத் தாண்டும்வரை நடந்தே போனார் என்று வெள்ளைக்காரர் எழுதி வைத்திருக்கிறார்கள். தோற்றவனுக்குக் கல் வைத்து, வென்றவனின் சனமே இறங்கி நடந்தது. வகுப்பில் இதைப் படிப்பிக்கும்போது சிங்களப் பிள்ளைகளும் இதைத்தானே படிக்கிறார்கள் என்று எனக்குள் ஒரு நம்பிக்கை இருந்தது.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. அடுத்த வாரமலரில் ஒரு சின்னத் திருத்தம் போடுங்கள். நல்லிணக்கச் சின்னம் என்பதை எடுத்துவிட்டு வெற்றிச் சின்னம் என்று போடுங்கள். அப்புறம், முடிந்தால், உங்கள் வழிகாட்டிப் படத்தில் கனகபுரத்தையும் ஒரு புள்ளியாகக் குறியுங்கள். கண்டி வீதியால் வருகிறவர்கள் விரும்பினால் அங்கும் ஒருக்கால் இறங்கிப் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
கிளிநொச்சி