எல்லாப் படமும் ஒரே காரணத்தால் கெடுவதில்லை: கும்பகோணத்து நண்பனுக்கு

அன்புள்ள கதிரேசா,

உன் கடிதமும் பென்டிரைவும் புதன்கிழமை கிடைத்தன. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு கேமரா வாங்கிவிட்டாய், அதுவும் சோழர் காலத்துக் கோயில் உள்ள தாராசுரம் கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஊரில். மிகவும் சந்தோஷம். பேத்திக்குத் தை மாதம் சலங்கை பூஜை என்ற செய்தி அதைவிடச் சந்தோஷம்.

“நாற்பத்தாறு படத்தில் முப்பது தெளிவாக இல்லை, பழைய கேமராவை வாங்கி ஏமாந்துவிட்டேனோ” என்று கேட்டிருந்தாய். ஏமாறவில்லை. நிக்கான் டி5300 வெளிவந்தது 2013இல். அதன் 24 மெகாபிக்சல் சென்சார் இன்றைக்கும் தாராளமாகப் போதும். நீ அனுப்பிய முப்பதையும் கணினியில் நூறு சதவீதம் பெரிதாக்கிப் பார்த்தேன். எல்லாவற்றையும் ‘தெளிவில்லை’ என்று ஒரே சொல்லில் சொல்லிவிட்டாய். அதில் மூன்று தனித்தனிக் கோளாறுகள் இருக்கின்றன. ஒன்றுக்கான மருந்து மற்றொன்றுக்கு உதவாது.

முதலில் மண்டபத்துத் தூண் படம். அதில் எதுவுமே கூர்மையாக இல்லை. ஒவ்வொரு விளிம்பும் ஒரே சாய்வில், ஒரே திசையில் இழுபட்டு இரட்டைக் கோடாகத் தெரிகிறது. அசையாத கல்லே இப்படி வந்தால் ஆடியது கை. படத்தோடு பதிவாகியிருக்கும் விவரத்தைப் பார்த்தேன்: 55 மி.மீ., எஃப் 5.6, ஷட்டர் 1/15 நொடி, ஐஎஸ்ஓ 400. மி.மீ. என்பது லென்ஸ் எவ்வளவு ஜூம் ஆகியிருக்கிறது என்பதன் அளவு. எஃப் என்பது லென்ஸ் துளையின் அளவு, எண் சிறுத்தால் துளை பெரிது. ஷட்டர் என்பது வெளிச்சம் உள்ளே வரும் நேரம், ஐஎஸ்ஓ என்பது சென்சார் வெளிச்சத்தை உணரும் திறன். லென்ஸின் மி.மீ. எண்ணை உன் கேமராவுக்கு 1.5ஆல் பெருக்கி, அந்த எண்ணை ஒன்றின் கீழ் போட்டால் வருவதுதான் கையில் பிடித்து எடுக்கக்கூடிய மெதுவான ஷட்டர். 55க்கு அது ஏறத்தாழ 1/80. படத்தைப் பெரிதாக அச்சுப் போடுவதாக இருந்தால் 1/160 இருப்பது நல்லது. நீ எடுத்தது 1/15. லென்ஸின் பக்கவாட்டில் ‘விஆர்’ என்று ஒரு சுவிட்ச் இருந்தால் அது ஆனில் இருக்கிறதா என்று பார். அது கை நடுக்கத்தைக் கொஞ்சம் தாங்கும்.

வெளிச்சம் குறைந்த இடத்தில் வேகமான ஷட்டர் எப்படிக் கிடைக்கும்? முன்பு வைத்திருந்தவர் ஐஎஸ்ஓவை 400இல் நிறுத்தி வைத்திருக்கிறார், நீயும் அப்படியே விட்டுவிட்டாய். ஐஎஸ்ஓ ஒவ்வொரு முறை இரட்டிக்கும்போதும் ஷட்டர் வேகமும் இரட்டிக்கும். 400இல் 1/15 என்றால் 800இல் 1/30, 1600இல் 1/60, 3200இல் 1/125. அதே தூண் தப்பித்துவிட்டது. இன்னொரு வழியும் உண்டு. உன் 18-55 லென்ஸ் 18இல் எஃப் 3.5 வரை திறக்கும், 55க்குப் போனால் 5.6தான். ஜூம் செய்யச் செய்ய உள்ளே வரும் வெளிச்சம் பாதிக்கும் கீழே குறைகிறது. அதனால் இருட்டான மண்டபத்தில் ஜூமைத் திருகாதே, நாலு அடி முன்னால் நட. 3200இல் புள்ளி புள்ளியாக இரைச்சல் தெரியும் என்று பயப்பட வேண்டாம். 8×12 அச்சில் அது கண்ணை உறுத்தாது. ஆடிப்போன படத்தை அப்படி யாரும் பொறுத்துக்கொள்ள மாட்டார்கள்.

பிடிக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். இடது உள்ளங்கை லென்ஸுக்கு அடியில் தாங்க வேண்டும், பக்கத்தில் பிடிக்கக் கூடாது. இரண்டு முழங்கையும் விலாவோடு ஒட்டட்டும். மூச்சை விட்டு முடித்த கணத்தில் பொத்தானை மெதுவாக அழுத்து. நீ குத்துகிறாய் என்று அந்த இரட்டைக் கோட்டின் சாய்வே சொல்கிறது. தாராசுரத்தில் கேமரா முக்காலி (டிரைபாட்) வைக்கத் தொல்லியல் துறையின் அனுமதி வேண்டும். அதனால் செதுக்கல் இல்லாத சுவரில் தோளைச் சாய்த்துக்கொள்.

இரண்டாவது, திண்ணையில் பேத்தி ஆடும் படம். பின்னால் இருக்கும் மரத்தூணின் இழை கூடத் தெரிகிறது, குழந்தையின் கை மட்டும் புகை மாதிரி கரைந்திருக்கிறது. உன் கை ஆடவில்லை, குழந்தை ஆடியிருக்கிறாள். இதற்கு விஆரும் உதவாது, முக்காலியும் உதவாது. ஷட்டர் வேகம் ஒன்றுதான் வழி. உட்கார்ந்து பேசுகிறவருக்கு 1/125, நடப்பவருக்கு 1/250, குதிக்கும் குழந்தைக்கு 1/500. இந்த மூன்று எண்களையும் மனப்பாடம் செய்துகொள். மற்றதெல்லாம் பழக்கத்தில் வந்துவிடும்.

மூன்றாவது, தங்கச்சி துளசி மாடத்துக்கு முன்னால் நிற்கும் படம். மாடத்தின் காவிப்பட்டை பளிச்சென்று இருக்கிறது, முகம் சொதசொதவென்று இருக்கிறது. கேமராவுக்குள் 39 ஃபோகஸ் புள்ளிகள் இருக்கின்றன. எதை எடுப்பது என்று அதுவே முடிவு செய்யும்படி விட்டிருக்கிறாய். சிவப்பும் வெள்ளையுமாக இருந்த பட்டை அதற்கு எளிதாகப் பட்டது, அதைப் பிடித்துக்கொண்டது. ‘ஏஎஃப்-ஏரியா மோட்’ என்ற இடத்தில் ‘சிங்கிள் பாயின்ட்’ வை. அந்த ஒற்றைப் புள்ளியை நம் பக்கம் இருக்கும் கண்ணின் மேல் வைத்து, பொத்தானைப் பாதி அழுத்தி, ‘பீப்’ கேட்டதும் முழுதாக அழுத்து. பாதி அழுத்திய பிறகு நீயும் அசையக் கூடாது. ஐந்தடி தூரத்தில் 55 மி.மீ., எஃப் 5.6 என்றால் கூர்மையாக விழும் ஆழம் மொத்தமே அரை அடி அளவுதான். முன்னால் மூன்று அங்குலம் சாய்ந்தாலே முகம் அந்த எல்லையை விட்டு வெளியே போய்விடும்.

நமக்கு இப்போது கண்ணாடி போடாமல் எதுவும் தெரிவதில்லை, அதனால் இதையும் பார்த்துவிடு. வியூஃபைண்டர் பக்கத்தில் மிகச் சிறிய சக்கரம் ஒன்று இருக்கும். அதைத் திருகி உன் பார்வைக்கு ஏற்றபடி வைக்க வேண்டும். எதிரே இருக்கும் காட்சியைப் பார்த்துத் திருகாதே. உள்ளே தெரியும் எண்களும் ஃபோகஸ் புள்ளியும் கூர்மையாகத் தெரியும் வரை திருகு. கண்ணாடி போட்டுக்கொண்டு எடுப்பதாக இருந்தால் போட்டுக்கொண்டே திருகு. இதைச் செய்யாதவர்களுக்கு வியூஃபைண்டரில் எல்லாமே மங்கலாகத் தெரியும், லென்ஸ் கெட்டுவிட்டது என்று கடைக்குத் தூக்கிப் போவார்கள்.

இனி அமைப்பு. மேலே இருக்கும் சக்கரத்தைப் பச்சை ‘ஆட்டோ’விலிருந்து ‘ஏ’வுக்கு மாற்று. அதில் எஃப் எண்ணை நீ சொல்வாய், ஷட்டரைக் கேமரா பார்த்துக்கொள்ளும். ஷூட்டிங் மெனுவில் ஐஎஸ்ஓ பக்கத்துக்குப் போய் ‘ஆட்டோ ஐஎஸ்ஓ’வை ஆன் செய். அதன் கீழே உச்ச வரம்பு 3200, குறைந்தபட்ச ஷட்டர் 1/125 என்று கொடு. வெளிச்சம் குறையும்போது கேமரா முதலில் ஐஎஸ்ஓவை ஏற்றும், ஷட்டரை 1/125க்குக் கீழே இறக்காது. 3200ம் போதாமல் போனால் மட்டும் இறக்கிவிடும். அதனால் வியூஃபைண்டருக்கு அடியில் வரும் ஷட்டர் எண்ணை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இரு. ‘ராவும் ஜேபெக்கும் சேர்த்து’ என்று பதிவை வை. ரா என்பது சென்சார் பதித்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு. ஒன்று 20 எம்பிக்கு மேல் வரும், இடம் பிடிக்கும், பரவாயில்லை. நிறம் தவறிய படத்தைப் பிற்பாடு நன்றாகத் திருத்த ரா கோப்பு இருந்தால்தான் முடியும்.

எஃப் எண்ணுக்குக் கணக்கு சுலபம். ஓர் ஆளை எடுக்கும்போது லென்ஸ் எவ்வளவு திறக்குமோ அவ்வளவு. சிற்பம், கோபுரம், பத்துப் பேர் நிற்கும் குடும்பப் படம் என்றால் எஃப் 8. பதினாறுக்கு மேல் போகாதே. துளை மிகவும் சிறுத்தால் வெளிச்சம் விளிம்பில் விலகிச் சிதறி மொத்தப் படமும் மெத்தென்று ஆகிவிடும்.

வாசல் கோலம் அழுக்கு நிறத்தில் வந்ததற்கும் யானைப் படம் வெளுத்ததற்கும் காரணம் ஒன்றுதான். கேமராவின் ஒளிமானி, எதைப் பார்த்தாலும் அது நடுத்தரச் சாம்பல் நிறம் என்று நினைத்து அளக்கிறது. படம் முழுக்க வெள்ளை இருந்தால் இழுத்துச் சாம்பலாக்கும், கறுப்பு இருந்தால் வெளுக்க வைத்துச் சாம்பலாக்கும். ஷட்டர் பொத்தானுக்குப் பக்கத்தில் கூட்டல் கழித்தல் குறி போட்ட பொத்தானை அழுத்திக்கொண்டே பின்சக்கரத்தைத் திருப்பினால் நாம் திருத்தலாம். கோலத்துக்கும் வெள்ளை வேட்டிக் கூட்டத்துக்கும் +1, யானைக்கு -1. எடுத்து முடித்ததும் மறக்காமல் பூஜ்யத்துக்குக் கொண்டுவா. பிறகு எடுக்கும் படமெல்லாம் கெடுவது பெரும்பாலும் இந்த மறதியால்தான்.

இப்போது தாராசுரம். உன் சிற்பப் படங்கள் தட்டையாக இருக்கின்றன என்றாயே, அதற்கும் கேமராவுக்கும் சம்பந்தமில்லை. இரண்டாம் ராஜராஜன் காலத்துச் சிற்பிகள் விரற்கடை ஆழத்தில் செதுக்கிய உருவங்கள் அவை. வெயில் நேர் எதிரே விழுந்தால் அந்த ஆழம் தெரியாது. சுவரை உரசிக்கொண்டு பக்கவாட்டில் விழ வேண்டும், அப்போதுதான் ஒவ்வொரு வெட்டும் தன் நிழலைக் காட்டும். கோயில் கிழக்கு பார்த்தது. அதிகாலையில் கிழக்கு முகம் முழுவதும் நேர் வெயில், நிறம் அழகாக இருக்கும், செதுக்கல் தெரியாது. சூரியன் ஏறித் தெற்கே சாய்ந்த பிறகு அதே முகத்தைப் பார். உச்சிப் பொழுதில் மேலே இருக்கும் கபோதத்தின் (வளைந்து நீளும் கூரை விளிம்பின்) நிழல் மாடத்துச் சிற்பத்தின் முகத்தில் கறுப்பாக விழும், அப்போது வெளிச்சுவரை விட்டுவிட்டு உள்மண்டபத்துக்குப் போய்விடு. இன்னொன்று: மார்கழியிலும் தையிலும் சூரியன் தெற்கே ஓடுவதால் வடக்குச் சுவரில் நேர் வெயில் படவே படாது. அங்கே இருப்பவற்றுக்குச் சித்திரை கடைசியிலிருந்து ஆடி வரை காத்திரு. நம் அட்சரேகையில் அந்த மாதங்களில்தான் உச்சிச் சூரியன் வடக்கே நிற்கிறது. பக்கத்திலேயே இருப்பவனுக்குத்தான் இது வாய்க்கும். ஒருநாள் வந்து போகிறவர்களுக்கு வாய்க்காது. ஒரே சிற்பத்தை ஆண்டில் நான்கு முறை போய் எடு.

சலங்கை பூஜைக்கு வருவோம். ஃபிளாஷை மூடி வை. ஐஎஸ்ஓ 400இல், எஃப் 5.6இல் அது பதினாலு அடி தாண்டிப் போகாது. குழந்தையின் கண்ணும் கூசும். சபா மேடைக்கு உன் லென்ஸ் பற்றாது. 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் ஒன்று வாங்கு. 5.6ஐவிடக் கிட்டத்தட்டப் பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். ஆனால் கடையில் ‘ஏஎஃப்-எஸ்’ என்று எழுதியிருப்பதைக் கேட்டு வாங்கு, அதில் லென்ஸுக்குள்ளேயே ஃபோகஸ் மோட்டார் இருக்கும். ‘ஏஎஃப்-டி’ விலை குறைவு, ஆனால் உன் கேமராவுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. அதை மாட்டினால் ஒவ்வொரு முறையும் கையால்தான் திருக வேண்டும், ஆடும் குழந்தையைப் பிடிக்க முடியாது.

அன்றைக்குச் சக்கரத்தை ‘எஸ்’ஸில் வை. அங்கே ஷட்டரை நாம் சொல்கிறோம். ஐஎஸ்ஓ வரம்பை 6400 ஆக்கு. ஃபோகஸ் ‘ஏஎஃப்-சி’, பொத்தானைப் பாதி அழுத்தியே வைத்திருந்தால் அவள் நகர நகரப் பின்தொடரும். பின்திரை கறுப்பாக இருந்தால் -1. குதிக்கும் அடவுகளுக்கு 1/500. தீர்மானம் (அடவுக் கோர்வையை முடிக்கும் பகுதி) முடியும் இடத்தில் ஆடுபவர் ஒரு கணம் சிலையாக நிற்பார் அல்லவா, அங்கே 1/100 போதும். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மலிவான எல்இடி விளக்குகள் நொடிக்கு நூறு தடவை மினுங்கும். ஷட்டர் 1/100ஐத் தாண்டி வேகமானால் படத்தின் குறுக்கே கறுப்புப் பட்டை விழ வாய்ப்பு உண்டு. முதல் நாள் ஒத்திகைக்குப் போய் 1/100, 1/250, 1/500 மூன்றிலும் ஐந்தைந்து படம் எடுத்துப் பார்த்துவிட்டால் அன்றைக்குத் தடுமாற வேண்டாம். மெமரி கார்டையும் முதல் நாளே கேமராவிலேயே ஃபார்மெட் செய், கணினியில் செய்யாதே. தவறிப்போய் எதையாவது அழித்துவிட்டால் அந்தக் கார்டில் அதற்கு மேல் ஒரு படம் கூட எடுக்காதே, எடுத்து வைத்துவிடு. மேலே எதுவும் எழுதப்படாத வரை மீட்டெடுக்க முடியும்.

தோல் பையில் போட்டு, பாச்சை உருண்டையோடு பீரோவில் வைத்திருப்பதாக எழுதியிருந்தாய். இன்றைக்கே வெளியே எடு. பாச்சை உருண்டையின் ஆவி கேமராவுக்கு ஆகாது, நிக்கான் கையேட்டிலேயே கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். காவிரிக்கரையின் ஐப்பசி மழைக்கு அது பூஞ்சைக்குப் போடும் உரம். லென்ஸைக் கழற்றிப் பின்னாலிருந்து டார்ச் அடித்துப் பார். உள்ளே சிலந்தி வலை மாதிரி இழை தெரிந்தால் துடைக்க முயலாதே, பழுது பார்ப்பவரிடம் கொடு. இல்லையென்றால் ரப்பர் விளிம்பு வைத்த பிளாஸ்டிக் டப்பா ஒன்று, சிலிக்கா ஜெல் 200 கிராம், ஈரமானி ஒன்று வாங்கு. முள் 40க்கும் 50க்கும் நடுவில் நிற்கட்டும். ஆரஞ்சு நிற ஜெல் வாங்கு. அது பச்சையானால் ஈரம் குடித்துவிட்டது என்று அர்த்தம். சமையலுக்கு எடுக்காத பழைய வாணலியில் சிறு தீயில் பழைய நிறம் வரும் வரை வறுத்தால் மறுபடியும் உதவும். ஜெல்லுக்குப் பதில் அரிசி போடச் சொல்வார்கள், அதன் தவிடு லென்ஸுக்குள் போகும், வேண்டாம். லென்ஸைத் துடைக்க வேட்டி நுனியையும் எடுக்காதே. முதலில் ரப்பர் ஊதியால் தூசியை விரட்டிவிட்டு, பிறகுதான் மைக்ரோஃபைபர் துணி.

அடுத்த முறை முப்பது படம் போதும். வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் ‘டாக்குமென்ட்’ என்று தேர்ந்தெடுத்து அனுப்பு. புகைப்படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும், ஷட்டர், ஐஎஸ்ஓ விவரமெல்லாம் போய்விடும், எனக்குக் காரணம் சொல்ல முடியாது. அந்த மண்டபத் தூணை 18 மி.மீ.யில், ஐஎஸ்ஓ 3200இல் மறுபடி எடுத்ததையும் கட்டாயம் சேர்.

தங்கச்சியை விசாரித்ததாகச் சொல். குழந்தைக்கு என் ஆசிகள்.

உன் அன்பு நண்பன்,
சிவலிங்கம்