வாளித் தண்ணீரில் போட்டுப் பார்த்து வாங்குங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். மதுரையில் கயிற்றுக் கடை வைத்திருக்கிறேன். கிணற்றுக் கயிறு, மாட்டுக் கயிறு, பந்தல் கயிறு என்று விற்கும் கடைதான். ஆனால் ஐப்பசி பிறக்கும் முன் மண்டபம், பாம்பன் பக்கத்திலிருந்தும் ஆட்கள் வருவார்கள். படகு கட்ட அவர்கள் கேட்பது 'நைலான் கயிறு'. நம் கடைத்தெருவில் பிளாஸ்டிக் இழையில் திரித்த எல்லாவற்றுக்குமே அதுதான் பெயர். மஞ்சளும் நீலமுமாகப் பளபளவென்று தொங்கும் மலிவான கயிறு பெரும்பாலும் நைலான் இல்லை, பாலிபுரொப்பிலீன் என்ற வேறு பிளாஸ்டிக்.

சில ஆண்டுகளுக்கு முன் என் தங்கை வீட்டுக்காரரின் நாட்டுப்படகு, கட்டிப் போட்டிருந்த இடத்திலேயே ஒரு ராத்திரிக் காற்றில் அறுத்துக்கொண்டு போய்ப் பக்கத்துப் படகில் மோதியது. அணியத்துப் பலகை, அதாவது படகின் முன்பக்கப் பலகை, பிளந்துவிட்டது. மறுநாள் அந்தக் கயிற்றைக் கையில் வாங்கிப் பார்த்தேன். வெயிலில் வெளுத்து, விரலால் தேய்த்தால் மாவு மாதிரி உதிர்ந்தது. நைலான் என்று சொல்லித்தான் ஒரு கடையில் கொடுத்திருக்கிறார்கள்.

கண்டுபிடிக்க ஒரு வாளித் தண்ணீர் போதும். விரல் நீளத் துண்டைப் போட்டு, காற்றுக்குமிழி போகும்படி நன்றாக அமுக்கிவிடுங்கள். மிதந்தால் அது நைலான் இல்லை. நைலானும் பாலியெஸ்டரும் மூழ்கும்.

நான் நைலானைச் சொல்வது அதன் நீட்சிக்காக. அலை படகைத் தூக்கி இழுக்கும்போது கயிறு கொஞ்சம் நீண்டு கொடுத்து, மறுபடி சுருங்க வேண்டும். கொடுக்காத கயிறு என்றால் அந்த வெட்டி இழுக்கும் வேகம் முழுவதும் கட்டுக்கட்டையிலும் படகுப் பலகையிலும் இறங்கும். வண்டியூர்த் தெப்பக்குளத்தில் தெப்பம் இழுக்கிற வடம் நீண்டால் இழுப்பவர்களின் பலம் வீணாகும். படகை நிறுத்தி வைக்கிற கயிறோ நீளத்தான் வேண்டும். பாலியெஸ்டர் வெயிலை நன்றாகத் தாங்கும், ஆனால் இந்த அளவுக்கு நீளாது.

நைலானுக்கும் குறை உண்டு. நனைந்தால் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு பலம் குறையும். முடிச்சுப் போட்ட இடத்தில் பாதியளவுதான் மிஞ்சும். அதனால் ஒரு அளவு தடித்ததாகவே எடுங்கள். மூன்று பிரி முறுக்குக் கயிறு என்றால் முடிச்சுக்குப் பதிலாகப் பிரிகளைப் பின்னிக் கண், அதாவது நுனியில் ஒரு வளையம், வைத்துக்கொள்ளலாம். இதைக் கடற்கரை ஆட்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

அப்புறம், உரசல். நல்ல கயிறும் படகு விளிம்பில் தேய்ந்து தேய்ந்தே அறுந்துபோகும். படுகிற இடத்தில் பழைய தண்ணீர்க் குழாயை ஒரு முழம் வெட்டி மாட்டிவிடுங்கள். விறைத்து நிற்கிற கயிற்றுக்கு நேராகப் பிள்ளைகளை நிற்கவே விடாதீர்கள். நைலான் அறுந்தால் சாட்டை போல் திரும்பி அடிக்கும்.

கயிறு தயாரிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு கட்டின் மேலும் என்ன இழை என்று தமிழில் அச்சிட்டு அனுப்புங்கள். என் கடையில் இப்போதைக்கு நானே கையால் எழுதி ஒட்டி வருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு கயிற்றுக் கடைக்காரர்,
மதுரை.